சொகுசு கார் நடுவழியில் நின்றால் கயிறைத் தேடாதீர்கள்

அம்பத்தூர் பக்கம் சொகுசு கார்களுக்கென்று ஒரு வொர்க்‌ஷாப் நடத்துகிறேன். வண்டி நின்றுபோன காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். பேட்டரி இறங்கியிருக்கும், டயர் கிழிந்திருக்கும், இல்லையென்றால் ஒரு கூலன்ட் குழாய் விட்டிருக்கும். பில்லைப் பெரிதாக்குவது அதற்கப்புறம் ரோட்டில் நடக்கிற கூத்து. நாலு பேர் கூடுவார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், ஒருவர் எங்கிருந்தோ கயிறு கொண்டுவருவார். இத்தனைக்கும் தட்டையான மேடை கொண்ட பிளாட்பெட் லாரி வந்து தனிக் கட்டணம் இல்லாமல் காரை ஏற்றிக்கொண்டு போகும் வசதி அந்த உரிமையாளருக்கு ஏற்கெனவே இருந்திருக்கும். இருப்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த வசதி மூன்று இடங்களிலிருந்து வரலாம். முதலாவது, கார் கம்பெனி தருவது. புதுக் காரோடு ரோட்சைடு அசிஸ்டன்ஸ், அதாவது வழியில் நின்றால் வந்து உதவும் சேவை, பொதுவாக வாரண்டியுடன் சேர்ந்தே வரும். ஆர்எஸ்ஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதற்கான காசு காரின் விலையிலேயே போய்விட்டது, அதனால் கூப்பிடக் கூச்சப்பட வேண்டாம். இரண்டாவது, இன்ஷூரன்ஸில் ஆட்‑ஆனாகச் சேர்ப்பது. சொகுசு காருக்குக் கட்டும் பிரீமியத்தைப் பார்க்கும்போது இதற்கான தொகை ஒன்றுமே இல்லை. ஆனாலும் புதுப்பிக்கும்போது நூறு இருநூறு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் வெட்டுகிறார்கள். இந்த ஆட்‑ஆன் இல்லாவிட்டாலும் பாலிசி டோயிங்குக்கு, அதாவது காரை எடுத்துப்போவதற்கு, பணம் தருமே என்று சிலர் கேட்பார்கள். தரும். ஆனால் விபத்து நடந்திருந்தால் மட்டும்தான், அதுவும் வழக்கமான தனியார் கார் பாலிசியில் 1,500 ரூபாய் வரைக்கும்தான். பேட்டரி இறங்கி நின்ற காருக்கு அதில் ஒன்றும் கிடையாது.

மூன்றாவதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் போகும்போது வண்டி நின்றால் நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033‑க்கு போன் செய்யலாம். டோல் வாங்கும் சாலைகளில் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் வைத்திருப்பது சாலையை நடத்துபவர்களின் பொறுப்பு. பரனூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு நிற்கிறீர்கள் என்றால், முதலில் கூப்பிட வேண்டியது இவர்களைத்தான். பின்னால் வரும் லாரியிடமிருந்து உங்களைக் காப்பாற்ற அவர்களின் கூம்புகளும் சுழல்விளக்கும் உதவும். காரைச் சாலையோரத்துக்குக் கொண்டுபோவதோடு அவர்கள் வேலை முடிந்தது, உங்கள் ஷோரூம் வரை கொண்டுவந்து விடமாட்டார்கள். இன்னொன்று, அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் கிரேன். அங்கேதான் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும்.

ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் அணைந்த நிலையில் காரை இழுத்தால் சக்கரம் சுற்றும், அதோடு சேர்ந்து கியர்பாக்ஸின் உள்பாகங்களும் சுற்றும், ஆனால் எண்ணெய் போகாது. கொஞ்ச தூரத்திலேயே சூடேறித் தேய ஆரம்பித்துவிடும். பின்சக்கரம் இழுக்கும் காரின் முன்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் நடப்பது இதுதான். எக்ஸ்டிரைவ், 4மேட்டிக், குவாட்ரோ என்று டிக்கியில் எழுதியிருக்கும் நான்கு சக்கர டிரைவ் கார்கள் இன்னும் மோசம். இரண்டு சக்கரம் மேலே, இரண்டு சக்கரம் தரையில் என்று இழுத்தால் நடுவில் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸ் பழுதாகும். மின்சாரக் காரில் சக்கரம் சுற்றினால் மோட்டாரே மின்சாரம் தயாரிக்க ஆரம்பித்துவிடும், அதுவும் பழுதில் கொண்டுபோய் விடலாம். ஆகவே போனை எடுத்ததும் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: “பிளாட்பெட் அனுப்புங்கள், நான்கு சக்கரமும் தரையில் படக்கூடாது.” சில மாடல்களில் நியூட்ரலில் போட்டு மெதுவாகக் கொஞ்ச தூரம் இழுக்கலாம் என்று கையேட்டில் இருக்கும். அது நடுரோட்டிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவதற்கான சலுகை. தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் இழுத்துவருவதற்கு அல்ல.

கயிறு கட்டும் இடமும் சொல்லியாக வேண்டும். பம்பருக்கு அடியில் குனிந்து கைக்குக் கிடைத்த கம்பியில் கட்டுகிறார்கள், அது சஸ்பென்ஷன் ஆர்மாக இருக்கும். இந்தக் கார்களில் இழுப்பதற்கென்று ஒரு கொக்கி டிக்கியில் டூல் கிட்டோடு இருக்கும். பம்பரில் சின்ன மூடி ஒன்றைத் திறந்து அதை உள்ளே திருக வேண்டும். சில கார்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும், வலுக்கட்டாயமாகத் திருகினால் போச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக அந்தக் கொக்கி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாடு போய்விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்புகிறவர்களின் கார்தான் இதில் அதிகம் மாட்டும். மீனம்பாக்கம் பார்க்கிங்கிலோ வீட்டு பேஸ்மென்ட்டிலோ சும்மா நின்றாலும் உள்ளே இருக்கும் அலாரம், சென்சார் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சென்னை வெயிலில் பேட்டரி வேறு சீக்கிரம் நொந்துபோகும். ரிமோட் வேலை செய்யாது, கதவு திறக்காது. பதறாதீர்கள், ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். பல சொகுசு கார்களில் பேட்டரி டிக்கியில் இருக்கும், டிக்கியோ மின்சாரம் இல்லாமல் திறக்காது. இதற்காகவே பானெட்டுக்கு அடியில் ஜம்ப் ஸ்டார்ட் முனைகள் தனியாக வைத்திருப்பார்கள். தெருமுனை எலக்ட்ரீஷியன் நல்ல மனதோடுதான் வருவார். ப்ளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டால் கன்ட்ரோல் மாட்யூல்கள் வரிசையாகப் போகும், அவற்றின் விலையை நான் இங்கே எழுதி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. ஆர்எஸ்ஏ ஆள் வந்து ஜம்ப் கொடுப்பது இலவசம். புதுப் பேட்டரி இலவசம் இல்லை. பேட்டரியை மாற்றினாலும் பல மாடல்களில் ஸ்கேனர் போட்டுக் காருக்குப் புதுப் பேட்டரியை அறிமுகப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்துகொண்டிருக்கும்.

டயர். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் ஓஎம்ஆர், ஆற்காடு ரோடு பக்கம் போய்வருகிறவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ரன்‑பிளாட் டயர் போட்ட கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. காற்று முழுக்க இறங்கினாலும் பொதுவாக 80 கிலோமீட்டர் தூரம், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், ஓட்டலாம் என்பது கணக்கு. மாமல்லபுரத்தில் பஞ்சர் ஆனால் ஈசிஆரில் மெதுவாக ஓட்டி நகரத்துக்குள் வந்துவிடலாம். மரக்காணத்தில் ஆனால் முடியாது, அங்கேயே நின்று பிளாட்பெட் கேட்க வேண்டும். ஸ்டெப்னியே இல்லாத காருக்கு “டயர் மாற்றிக் கொடுக்கும் சேவை” என்று பாலிசியில் எழுதியிருப்பதால் என்ன பயன்? வாங்கும்போதே இதைக் கேளுங்கள்: ஸ்டெப்னி இல்லாவிட்டால் டயர் பிரச்சினைக்கு டோயிங் உண்டா, எத்தனை கிலோமீட்டர் வரை, ஆண்டுக்கு எத்தனை முறை? தூரத்துக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கும். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு உங்களுடையது.

மழைக்காலம் தனிக் கதை. 2015 டிசம்பரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கார்களை என்ன செய்தன என்று எல்லோரும் பார்த்தோம். தண்ணீரில் நின்றுபோன காரின் ஸ்டார்ட் பட்டனை இன்னொரு முறை அழுத்துவதுதான் என் தொழிலில் நான் பார்க்கிற மிக விலை உயர்ந்த விரல் அசைவு. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சில சமயம் இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இதற்குப் பணம் கேட்டால் தகராறுதான், இன்ஜின் புரொடெக்ட் ஆட்‑ஆன் இருந்தால்தான் பேசவே முடியும். அதனால் தண்ணீரில் நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் வடிந்த பிறகும், வெயிலில் இரண்டு நாள் காய்ந்த பிறகும் செய்யாதீர்கள். போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸுக்குத் தகவல் கொடுங்கள், சர்வேயர் பார்க்கும் முன் எந்த மெக்கானிக்கையும் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.

வெள்ளத்தில் ஆர்எஸ்ஏ உடனே வரும் என்றும் நம்பியிருக்காதீர்கள். இயற்கைச் சீற்றத்தைப் பல திட்டங்கள் விலக்கிவைத்திருக்கின்றன. விலக்காத திட்டத்திலும், இடுப்பளவு தண்ணீரில் பிளாட்பெட் எப்படி வரும்? 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்திவைத்தவர்களை இணையத்தில் நிறையக் கேலி செய்தார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு இன்ஜின் மாற்றும் செலவு தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்மென்ட்டில் கார் நின்றுபோனால் பிளாட்பெட் உள்ளே வராது, கூரை உயரம் போதாது. எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் பூட்டிக்கொண்டிருந்தால் தள்ளவும் முடியாது. சக்கரத்துக்கு அடியில் உருளும் டாலி வைத்துத்தான் சரிவில் ஏற்றி வெளியே எடுக்க வேண்டும். போனிலேயே “பேஸ்மென்ட், இரண்டாவது தளம், டாலி வேண்டும்” என்று சொல்லிவிட்டால் அவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் மறுபடி வரும் வேலை மிச்சம்.

எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்பதில்தான் இப்போது புது ஆபத்து. வண்டி நின்றதும் கூகிளில் தேடி முதலில் வரும் “கஸ்டமர் கேர்” எண்ணை அழுத்துகிறார்கள். சில போலி. பதிவுக்கு ஐந்து ரூபாய் அனுப்புங்கள், இந்த லிங்கைத் திறங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள் என்பார்கள். உண்மையான ஆர்எஸ்ஏ உங்களிடம் கேட்பது சேஸி நம்பர் அல்லது பதிவு எண், நிற்கும் இடம், என்ன கோளாறு என்பவைதான். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930‑க்கு அழையுங்கள். சரியான எண் பாலிசித் தாளிலும் கார் கையேட்டிலும் கம்பெனி ஆப்பிலும் இருக்கும். பல கார்களில் கூரையிலேயே உதவிக்கான பட்டன் இருக்கிறது, எஸ்ஓஎஸ் என்பது விபத்துக்கு, பிரேக்டவுனுக்கு வேறு பட்டன் அல்லது மெனு.

ஆனால் ஆப் இருப்பது முதலாளியின் போனில், ரோட்டில் நிற்பது டிரைவர். முதலாளி மீட்டிங்கில் இருப்பார், ஓடிபி அவருக்குப் போகும். அந்தக் கால் மணி நேரத்தில் பாவம், டிரைவர் அண்ணன் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவார், கயிறும் வந்துவிடும். டிரைவரின் எண்ணையும் ஆர்எஸ்ஏவில் பதிந்துவையுங்கள். உதவி எண், பாலிசி எண், 17 எழுத்துள்ள சேஸி நம்பர், “பிளாட்பெட் மட்டும்” என்ற வரி, இவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டால் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பழைய சொகுசு கார் வாங்குகிறவர்கள் அதே சேஸி நம்பரைக் கொடுத்து ஷோரூமில் விசாரியுங்கள். ஆர்எஸ்ஏ இன்னும் உயிரோடு இருக்கிறதா, உங்கள் பெயருக்கு மாறுமா, நீட்டிக்கப் பணம் கட்ட முடியுமா என்று மூன்றையும் கேளுங்கள். விற்றவர் “எல்லாம் இருக்கு சார்” என்று சொன்னதை வைத்துக்கொண்டு சூளகிரியில் நிற்க வேண்டாம்.

லாரி வந்துவிட்டது, சரி. ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும், சக்கரங்களையும், மீட்டரையும் வீடியோ எடுங்கள். இந்தக் கார்களின் முன்பக்க உதடு தாழ்வாக இருக்கும், சாய்வில் பலகை வைத்து ஏற்றச் சொல்லுங்கள். பெல்ட்டைச் சக்கரத்தின் மேல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், அடியில் இருக்கும் எதிலும் கொக்கி மாட்டக்கூடாது. லேப்டாப், பத்திரங்கள், டிக்கியில் இருக்கும் பட்டுப்புடவைப் பை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காரின் நிலை எழுதாத வெற்றுத் தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், ஏற்கெனவே இருக்கும் கீறல்களை எழுதிய பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள்.