ஏ.ஐ. படிக்க அரச காசு: வன்னிப் பிள்ளைகள் விண்ணப்பிக்க முன் பார்க்க வேண்டியவை

"ஏ.ஐ. படிக்க அரசாங்கம் காசு குடுக்குதாம், உண்மையோ?" உயர்தரப் பெறுபேறு வெளிவந்தால் போதும், புதுக்குடியிருப்பிலும் மாங்குளத்திலும் பெற்றோர் இதைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பாதி உண்மை. மிச்சப் பாதியை எடுத்துச் சொல்ல ஆளில்லாததால் தாய்மார் காப்பை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறார்கள். கடைசியில் எந்தக் கந்தோரும் ஏற்காத ஒரு சான்றிதழ்தான் வீட்டுக்கு வருகிறது. அதனால் பிள்ளைகள் எங்கே மாட்டுப்படுகிறார்கள் என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் தனிக் கொடுப்பனவு ஒன்றைத் தேடிப் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதுமென்றால் முதலில் அரச பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. தகவல் தொழில்நுட்பப் படிப்பு பம்பைமடுவிலேயே இருக்கிறது. யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது, அங்கே கணினிப் பொறியியல் படிக்கலாம். படிப்புக் கட்டணம் இல்லை, தகுதியுள்ளவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும், தொழிற்துறைப் பயிற்சியும் படிப்புக்குள்ளேயே வருகிறது.

அங்கே இடம் கிடைக்காத பிள்ளைக்கு இரண்டு பாதை. ஒன்று, 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன். மற்றது, தொழிற்பயிற்சி நிலையங்களில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை எடுத்து, வேலைத்தலப் பயிற்சியோடு வெளியே வருவது.

கடனைப் பற்றி முதலில் ஒன்று: இது கடன்தான். "அரசாங்கம் படிப்பிக்குது" என்று நினைத்துக் கையொப்பமிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. வட்டியை அரசாங்கம் கட்டும். முதலைப் பிள்ளை கட்ட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருட சலுகைக்காலம் போனபின் மாதத் தவணை தொடங்கும். இடையில் படிப்பை விட்டாலும் எடுத்த காசு எடுத்ததுதான்.

உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடச் சித்தி இருந்தாலே காணும் என்றுதான் ஊரில் கதை. காணாது. உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். எங்கள் பிள்ளைகள் பிரதான பாடங்களுக்கு இரவு பகலாக இருந்துவிட்டு இந்தப் பரீட்சைக்குச் சும்மா போய் எழுதிவிட்டு வருவார்கள். மூன்று சித்தியும் கையில் இருக்க, இதிலே 26 எடுத்த பிள்ளைக்குக் கடன் இல்லை. பிறகு யாரைக் கெஞ்சியும் பயனில்லை. உயர்தரம் எழுதப்போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஆங்கிலம். சாதாரண தரத்தில் ஆங்கிலச் சித்தி கேட்கிறார்கள். ஆங்கில ஆசிரியர் வருடக்கணக்காக இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளையிடமும் அதே சித்தியைத்தான் கேட்கிறார்கள். எனக்கு இது ஆறாத கோபம், ஆனால் கோபம் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ள வைக்காது. செய்யக்கூடியது ஒன்றுதான்: ஆங்கிலத்தில் சித்தி இல்லையென்றால் உயர்தரம் படிக்கும் காலத்திலேயே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அந்த ஒரு பாடத்தைத் திரும்ப எழுதுங்கள். உயர்தரம் முடியட்டும் என்று பார்த்திருந்தால் அந்தப் பெறுபேறு வருவதற்குள் விண்ணப்பத் திகதி போய்விடும்.

வயதும் ஒரு பொறி. விண்ணப்ப முடிவுத் திகதியில் 25 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். அதோடு எந்தெந்த வருடத்து உயர்தரப் பெறுபேறு செல்லும் என்று ஒவ்வொரு உள்வாங்கலுக்கும், அதாவது மாணவரைச் சேர்க்கும் ஒவ்வொரு சுற்றுக்கும், தனியாக அறிவிப்பார்கள். இடம்பெயர்ந்து பாடசாலை பிந்திய பிள்ளை, இரண்டு வருடம் கடையில் நின்றுவிட்டுப் படிக்க வந்த பிள்ளை, இவர்கள்தான் இதில் வெளியே போகிறார்கள். "அடுத்த முறை போடலாம்" என்று யாராவது சொன்னால், அடுத்த முறை உங்கள் பரீட்சை வருடம் பட்டியலில் இருக்குமா என்று அவரிடமே கேளுங்கள்.

சரி, தகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கடன் பட்டப்படிப்புக்கு மட்டும்தான். அதுவும் உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சு அந்த உள்வாங்கலுக்கு வெளியிடும் பட்டியலில் உள்ள நிறுவனம், அந்தப் பட்டியலில் உள்ள பட்டம். ஆறுமாத ஏ.ஐ. டிப்ளோமாவுக்கு இந்தக் கடன் வராது. நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருப்பதைக் காட்டி, பட்டியலில் இல்லாத படிப்பில் பிள்ளையைச் சேர்ப்பது நடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பட்டத்தின் பெயரில் செயற்கை நுண்ணறிவு இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். கணினி விஞ்ஞானம், தரவு விஞ்ஞானம், மென்பொருள் பொறியியல் எல்லாம் அதே வேலைக்குப் போகும் வழிதான். மூன்றாம் நான்காம் வருடப் பாடங்களில் இயந்திரக் கற்றல், புள்ளிவிபரவியல் இருக்கிறதா, தொழிற்துறைப் பயிற்சி கட்டாயமா, அந்த இடத்தை நிறுவனம் பிடித்துத் தருமா, பிள்ளையே பிடிக்க வேண்டுமா என்று கேளுங்கள். வாய்ப்பேச்சில் விடாமல் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் நான்கு வருடப் படிப்புக்கு 8 இலட்சமாக இருந்தது, பிறகு கூட்டினார்கள். அந்தந்த உள்வாங்கலின் அறிவித்தலில் போட்டிருக்கும் தொகைதான் செல்லும், பழைய முகநூல் பதிவை நம்பாதீர்கள். படிப்பின் கட்டணம் வரம்பைத் தாண்டினால் மிச்சம் உங்கள் கையால். கொழும்புப் பக்கம் போனால் அறை வாடகை, சாப்பாடு, மடிக்கணினி. இவற்றைக் கூட்டிப் பார்க்காமல் போன பிள்ளைகள் படிப்பு அரைவாசியில் நிற்க ஊருக்குத் திரும்புகிறார்கள், கடனோடு. சேர முன்பே நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஒரு கணக்கு எழுதுங்கள்.

வங்கியில் பிணையாளர் கேட்பார்கள். நிரந்தரச் சம்பளம் உள்ள உறவினர் இல்லாத வீடுகள் வன்னியில் எத்தனை! தகப்பன் இல்லாத, தாய் கூலி வேலைக்குப் போகும் குடும்பம் இந்த இடத்தில்தான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருகிறது. தெரிவுக் கடிதம் வந்தபின் ஆள் தேடாதீர்கள், விண்ணப்பம் போடும்போதே ஒருவரிடம் பேசிவையுங்கள். ஒருவரை முகாமையாளர் மறுத்தால் ஏன் மறுக்கிறார், எப்படிப்பட்டவர் என்றால் ஏற்பார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதக் கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஆவணங்கள் விடயத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. 2009இல் போரின் முடிவில் எல்லாம் தொலைந்து, முகாமில் திரும்ப எடுத்த பத்திரங்கள் இவை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பரீட்சைப் பெறுபேற்றில் ஆங்கில எழுத்து வேறு. 'வி' என்ற முதலெழுத்து ஒன்று கூடியதற்காக ஒரு பிள்ளையின் கோவை மூன்று கந்தோர் சுற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கந்தோரும் மற்றக் கந்தோரில் திருத்தச் சொன்னது. விண்ணப்ப காலத்தில் இதைத் திருத்த முடியாது. இப்பவே மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை பிறப்புச் சான்றிதழில் என்றால் மாவட்டப் பதிவாளர் கிளை, அடையாள அட்டையில் என்றால் பிரதேச செயலகத்தில் உள்ள ஆட்பதிவுக் கிளை, பெறுபேற்றில் என்றால் பரீட்சைத் திணைக்களம். பிறப்புச் சான்றிதழில் இருந்து தொடங்குங்கள், மற்ற இரண்டும் அதைத்தான் ஆதாரமாகக் கேட்கும்.

இனி தொழிற்பயிற்சி. என்னைக் கேட்டால் ஆங்கிலமும் பிணையாளரும் இல்லாத பிள்ளைக்கு இதுதான் உடனே திறக்கும் கதவு. வி.ரி.ஏ. எனப்படும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், வவுனியா தொழில்நுட்பக் கல்லூரி, 2016இல் அறிவியல்நகரில் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இங்கேயும் ஏ.ஐ. என்ற பெயரைத் தேடாதீர்கள். தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் என்று தேடுங்கள். நாலாம் மட்டத்தில் தொடங்கி ஐந்து, ஆறு என்று ஏறி ஏழாம் மட்டத்தில் பட்டம் வரை போக முடியும்.

பெரிய ஏமாற்று நடப்பது தனியார் நிலையங்களில். தொழிற்பயிற்சி நடத்தும் நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அது. ஆனால் நிலையம் பதிந்திருப்பது வேறு, அங்கே நடக்கும் குறித்த படிப்பு என்.வி.கியூ. தர அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. வாசலில் "அரச அங்கீகாரம் பெற்றது" என்று பலகை தொங்கும். கேட்டால் கண்ணாடிச் சட்டகத்தில் போட்ட பதிவுச் சான்றிதழைக் காட்டுவார்கள். படிப்பு முடிந்தபின் பிள்ளைக்குக் கிடைப்பது அந்த நிலையமே அச்சடித்த தாள். காசு கட்ட முன் இந்த மூன்றைக் கேளுங்கள்: ஆணைக்குழுப் பதிவு இலக்கம் என்ன, பதிவு எந்தத் திகதி வரை செல்லும், இந்தப் படிப்புக்கு எத்தனையாம் மட்ட என்.வி.கியூ. அங்கீகாரம் இருக்கிறது. பதிலை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நீங்களே தேடிச் சரிபாருங்கள். "அங்கீகாரம் வந்துகொண்டிருக்கு, நீங்கள் முடிக்கேக்க கிடைச்சிடும்" என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

காசு கட்டாமல் படிக்கவும் இடம் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் மென்பொருள் விருத்திக்கும், ஸ்லிட் (SLIIT) என்ற தனியார் உயர்கல்வி நிறுவனம் ஏ.ஐ. மற்றும் இயந்திரக் கற்றலுக்கும் இணையவழி இலவசப் படிப்புகளை நடத்துகின்றன. ஆங்கிலத்தில்தான், ஆனால் வீட்டிலிருந்தே உங்கள் வேகத்தில் படிக்கலாம். இதே பாடத்தைப் பெரிய தொகைக்கு விற்கும் நிலையத்துக்குப் போக முன் ஒரு மாதம் இவற்றில் இருந்து பாருங்கள். அந்தச் சான்றிதழ் என்.வி.கியூ. ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனித்தான் எல்லோரும் கவனிக்காமல் விடும் இடம், வேலைத்தலப் பயிற்சி. என்.வி.கியூ. படிப்பு வகுப்போடு முடியாது. பெரும்பாலும் ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் நின்று பயிற்சி எடுத்து, பயிற்சிக் குறிப்பேட்டை நிரப்பி, மதிப்பீட்டுக்குப் போய்த்தான் தகைமை கிடைக்கும். வகுப்பை முடித்து இந்த ஆறு மாதத்தில் விழுந்த பிள்ளைகளைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

ஏனென்றால் வன்னியில் மென்பொருள் நிறுவனம் எங்கே இருக்கிறது? ஒட்டுசுட்டான் பிள்ளை மாங்குளம் வந்து, ஏ-9இல் பேருந்து பிடித்து யாழ்ப்பாணமோ கொழும்போ போக வேண்டும். முடியாத பிள்ளை ஊரிலுள்ள கொம்யூனிகேசன் கடையில் நிற்கிறது. ஆறு மாதமும் போட்டோக்கொப்பி, விண்ணப்பம் தட்டச்சு, அடையாள அட்டைக்குப் படம். மதிப்பீட்டாளர் வந்து "என்ன செய்தனீர்?" என்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இல்லை. நிலையம் கைவிரிக்கும், கடைக்காரர் கைவிரிப்பார், பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும்.

அதனால் சேரும் நாளிலேயே கேளுங்கள்: போன பிரிவுப் பிள்ளைகள் எங்கே பயிற்சிக்குப் போனார்கள்? இடம் பிடித்துத் தருவது நிலையமா, நைற்றா எனப்படும் அரச பயிலுனர் பயிற்சி அதிகார சபையா, நாங்களா? வீட்டிலிருந்தபடி கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்தால் ஏற்பீர்களா? பெண்பிள்ளைகளைத் தூரம் விடத் தயங்கும் வீடுகளுக்கு இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ஏற்போம் என்றால் பயிற்சி தொடங்க முன் நிலைய அதிபரின் ஒப்புதல் கடிதம் கையில் வேண்டும். முடிந்தபின் "அது செல்லாது" என்றால் திரும்பச் செய்ய ஆறு மாதம் கிடையாது.

குறிப்பேட்டை அன்றன்றைக்கு எழுதுங்கள். "கணினி வேலை செய்தேன்" என்று எழுதினால் ஒரு மதிப்பும் இல்லை. எந்தத் தரவைத் துப்புரவாக்கினீர்கள், எந்த நிரலில் என்ன பிழை திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு கிழமையும் மேற்பார்வையாளரின் கையொப்பம், திகதி, முத்திரை. கடைசி நாளில் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே பேனையில் ஒரே ஆள் ஒப்பமிட்ட குறிப்பேடு பார்த்தவுடனே தெரியும். மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போனால் அந்தத் திகதி வரைக்கும் அன்றைக்கே ஒப்பம் வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள், குறிப்பேட்டைக் கந்தோரில் கொடுத்துத் தொலைத்தவர்கள் உண்டு.

கடைசியாக அலைக்கழிப்பு. "சேர் லீவு", "மேலிடத்துக்கு அனுப்பியாச்சு", "புதன்கிழமை வாங்கோ". முல்லைத்தீவிலிருந்து வந்த தாய்க்கு அந்தப் புதன்கிழமை ஒரு நாள் கூலி. கந்தோருக்கு வெறும் கையோடு போகாதீர்கள். கோரிக்கையைத் தமிழில் எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழ் அரசகரும மொழி, தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் வந்த கடிதத்தை மொழிபெயர்க்கக் காசு கொடுக்க முன் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தக் கந்தோரின் தகவல் உத்தியோகத்தருக்கு இப்படி எழுதுங்கள்: "இன்ன திகதியில் நான் கொடுத்த விண்ணப்பத்தின் தற்போதைய நிலை, அது யாரிடம் இருக்கிறது, நிராகரித்திருந்தால் அதற்கான காரணம், அந்தக் காரணத்துக்கு அடிப்படையான சுற்றறிக்கையின் பிரதி ஆகியவற்றைத் தரவும்." ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. வாங்கியதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் ஆணைக்குழு. அரசின் அங்கீகாரத்தோடு நடக்கும் தனியார் உயர்கல்வி நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன, அவர்களிடமும் கேட்கலாம். சுற்றறிக்கைப் பிரதி என்ற சொல்லைக் கடிதத்தில் விடாமல் போடுங்கள். "அப்பிடித்தான் விதி" என்று வாயால் சொன்னவர் அந்த விதியைத் தாளில் காட்ட வேண்டி வரும்.