ஜூன் 30இல் முடியும் ஆட்டம்

கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில், சனிக்கிழமை இரவுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலி கிடைப்பது கடினம். இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் உதைபந்தாட்ட ஆட்டம் நமக்கு இரவு ஏழரைக்கும், அங்கே குளிர்கால நேரம் வந்துவிட்டால் எட்டரைக்கும் தொடங்கும். 2023 நவம்பரில், அளவுக்கு மீறி நட்டப்பட்டதற்காக எவர்டன் கழகத்தின் 10 புள்ளிகள் வெட்டப்பட்ட வாரம், ஆட்டங்களைவிட அந்த வெட்டைப் பற்றித்தான் அங்கே அதிகம் பேசினார்கள். "நட்டப்பட்டவனுக்கே தண்டமும் போடுறதா? இது என்ன நியாயம்?" என்று கல்லாவில் இருந்த முதலாளி கேட்டார். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கும் அவருடைய மகன் பில் புத்தகத்தின் கடைசித் தாளைப் புரட்டி, "அப்பா, இது நாங்க படிக்கிற கணக்கீட்டுப் பாடம்தான்" என்று சொல்லி எழுதத் தொடங்கினான். அந்தத் தாளில் அவன் போட்ட கணக்கு புரிந்தால், கழகங்களின் வரவு செலவைக் கட்டுப்படுத்தும் விதிகளின் பெரும் பகுதி புரிந்துவிடும்.

பிரீமியர் லீக் 2013இல் கொண்டுவந்த இலாப, நிலைபேற்று விதிகளின்படி, ஒரு கழகம் தொடர்ச்சியான மூன்று பருவகாலங்களில் மொத்தமாக 105 மில்லியன் ஸ்டேர்லிங் பவுண்வரைதான் நட்டம் காட்டலாம். அதிலும் 15 மில்லியனுக்கு மேற்பட்ட பகுதியை உரிமையாளர் கடனாக அன்றித் தன் சொந்த முதலாகக் கொண்டுவந்து ஈடுசெய்ய வேண்டும். இளையோர் அணி, பெண்கள் அணி, மைதானக் கட்டுமானம் போன்றவற்றுக்கான செலவு இந்தக் கணக்கில் சேர்வதில்லை. எவர்டனின் நட்டம் 124.5 மில்லியன் என்று விசாரணைக் குழு முடிவுசெய்தது. புதிய மைதானத்துக்காகப் பெற்ற கடனின் வட்டியையும் கழித்துவிட வேண்டும் என்று கழகம் வாதாடியும் குழு ஏற்கவில்லை. மேன்முறையீட்டில் 10 புள்ளிகள் 6 ஆகக் குறைந்தன.

நட்டம் என்றால் எது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பையன் தாளில் போட்ட கணக்கும் அதைப் பற்றித்தான். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் லொறி வாங்கினால், அதன் முழு விலையையும் அந்த ஒரு வருடத்துச் செலவாக எழுதமாட்டார்; லொறி உழைக்கும் வருடங்களுக்குப் பிரித்துத்தான் எழுதுவார். உதைபந்தாட்ட வீரரை வாங்கும் தொகையும் அப்படித்தான் ஒப்பந்தக் காலத்துக்குப் பிரிக்கப்படுகிறது. 100 மில்லியனுக்கு வாங்கப்பட்ட வீரர் ஐந்து வருட ஒப்பந்தத்தில் இருந்தால், வருடத்துக்கு 20 மில்லியன்தான் செலவு. விற்கும்போது கதை வேறு. கணக்கில் மிஞ்சியிருக்கும் பெறுமதியைக் கழித்துவிட்டு வரும் இலாபம் முழுவதும் அந்த ஒரே வருடத்தில் ஏறிவிடும். சிறு வயது முதல் கழகத்திலேயே வளர்ந்த வீரருக்குக் கொள்விலை என்று எதுவும் இல்லாததால், அவரை விற்றால் கிடைக்கும் தொகை அப்படியே இலாபமாகிறது.

ஆகவே இரண்டு கழகங்கள் தாம் வளர்த்த பையன்களை ஆளுக்கொருவராக 10 மில்லியனுக்கு மாற்றிக்கொண்டால், கையில் ஒரு சதம்கூட மிஞ்சாமலே இரண்டும் அந்த வருடத்தில் 10 மில்லியன் இலாபம் காட்டலாம். செலவோ வருடத்துக்கு 2 மில்லியனாக ஐந்து வருடங்களுக்கு நீளும். 2024 ஜூன் இறுதியில், கணக்காண்டு முடியும் 30ஆம் திகதிக்கு முன்னதாக, அஸ்டன் வில்லா, எவர்டன், செல்சி ஆகிய கழகங்களுக்கிடையே இளம் வீரர்கள் திடீரென்று அங்குமிங்கும் மாறியதை இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் வியப்பு எழாது. ஊர்ப் பையன்களை வளர்த்து ஆடவைப்பதே கழகத்தின் பெருமை என்று பேசும் ஒரு விளையாட்டில், அதே பையன்களை முதலில் விற்கத் தூண்டும் விதி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

செல்சி மறுபக்கத்திலிருந்து, அதாவது வருடச் செலவைக் குறைத்துக் காட்டும் வழியில், வந்தது. 2023 ஜனவரி இறுதியில் என்ஸோ பெர்னாண்டஸை 106.8 மில்லியன் பவுணுக்கு வாங்கி எட்டரை வருட ஒப்பந்தம் கொடுத்தது. ஐந்து வருடங்களுக்குப் பிரித்தால் வருடத்துக்கு 21 மில்லியனைத் தாண்டும் செலவு, இப்படி நீட்டியதால் 12.6 மில்லியனளவுக்கு இறங்கியது. ஒப்பந்தம் எத்தனை வருடமாயினும் ஐந்து வருடங்களுக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியமான யுஈஎஃப்ஏ அதே வருடக் கோடையிலும், பிரீமியர் லீக் அந்த டிசம்பரிலும் கதவை அடைத்தன.

திகதி எவ்வளவு தீர்க்கமானது என்பதற்கு நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் சாட்சி. மூன்று பருவங்களில் இரண்டைக் கீழ்ப்பிரிவில் கழித்ததால் அதன் எல்லை 105 அல்ல. மேற்பிரிவுப் பருவத்துக்கு 35, கீழ்ப்பிரிவுப் பருவங்களுக்குத் தலா 13, ஆக 61 மில்லியன். அதை 34.5 மில்லியனால் தாண்டியது. தான் வளர்த்த பிரெனன் ஜோன்சனை 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி டொட்டன்ஹாமுக்கு 47.5 மில்லியன் அளவில் விற்றது. இரண்டு மாதங்கள் முந்தி விற்றிருந்தால் விலை குறைந்திருக்கும், பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்றது கழகத்தின் நிதிநிலைக்கு நல்லதுதானே என்று அது வாதிட்டது. வியாபாரமாகப் பார்த்தால் வாதம் சரி. ஆனால் ஜூன் 30 ஜூன் 30தான் என்றது குழு; 4 புள்ளிகள் போயின.

இவ்வளவு கறார் ஏன் என்பதற்குப் போர்ட்ஸ்மவுத்தைப் பார்க்கலாம். 2008இல் எஃப்ஏ கிண்ணத்தை வென்ற அந்தக் கழகம், 2010இல் கடனைக் கட்ட முடியாமல், நொடித்த நிறுவனங்களைப் பொறுப்பேற்கும் நிருவாகிகளின் கைக்குப் போனது. 1885இல் தொடங்கிய பரி கழகம் 2019இல், கீழ்ப்பிரிவுகளை நடத்தும் இங்கிலாந்து உதைபந்தாட்ட லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. உரிமையாளர் கைவிட்டுப் போனால் மிஞ்சுவது கடனும் ஊராரும்தான். கடை முதலாளியின் கேள்விக்கு இதுதான் பதில்: கழகத்தை அதன் உரிமையாளரிடமிருந்து காப்பாற்றுவதற்காகவே இந்த விதிகள் பிறந்தன. கழகங்களைச் சமமாக்குவது அவற்றின் முதல் நோக்கம் அல்ல.

அதனால்தான் இவை பணக்காரரை ஏழையாக்குவதில்லை. யுஈஎஃப்ஏ 2022இல் மாற்றிய விதிகளில், வீரர் சம்பளம், வாங்கிய விலையின் வருடாந்தப் பங்கு, முகவர் கட்டணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை வருமானத்தின் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 90, 80 என்று படிப்படியாக இறங்கி 2025/26இல் அந்த எல்லை வந்தது. 600 மில்லியன் வருமானமுள்ள கழகம் 420 செலவழிக்கலாம், 100 மில்லியன் உள்ளது 70 மட்டுமே. விகிதம் ஒன்றுதான், இடைவெளி 350 மில்லியன். பிரீமியர் லீக்கும் 2026/27 முதல் 85 சதவீத எல்லையோடு இந்த முறைக்கு மாறுவதாக வாக்களித்திருக்கிறது.

ஸ்பெயினின் லா லீகா பருவம் முடியும்வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு கழகத்துக்கும் செலவு உச்சத்தை முன்கூட்டியே விதித்து, அதைத் தாண்டினால் வீரரைப் பதிவுசெய்யவே விடாது. 2021 ஓகஸ்டில் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போக நேர்ந்தது இந்தக் கதவில் முட்டித்தான். எனக்கு இந்த முறையே மேலாகப் படுகிறது, ஏனென்றால் புள்ளி வெட்டுக்காக ஒரு வருடம் விசாரித்து, அட்டவணையை இருமுறை எழுதி, ரசிகரைக் குழப்ப வேண்டியதில்லை.

கணக்கை ஆராய்வோர் யார் என்பதில் இன்னொரு சிக்கல். பிரீமியர் லீக்கின் உரிமையாளர்கள் அதன் 20 கழகங்களே. விதியை மாற்ற 14 வாக்குகள் வேண்டும். போட்டியாளரே நடுவரையும் நியமிக்கும் ஏற்பாடு இது. லெஸ்டர் சிட்டி 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டில் வென்றது நட்டம் இல்லை என்று காட்டி அல்ல. கணக்காண்டு முடிந்த நாளில் அது கீழ்ப்பிரிவுக்கு இறங்கி லீக்கின் உறுப்பினராகவே இல்லை என்று காட்டித்தான். செல்சி தன் மைதானத்து ஹோட்டல்கள் இரண்டைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 76.5 மில்லியனுக்கு விற்று இலாபம் எழுதியபோது பிரீமியர் லீக்கின் விதியில் அதைத் தடுக்க வழி இருக்கவில்லை. அத்தகைய விற்பனையை வருமானமாக ஏற்காத யுஈஎஃப்ஏ, 2025 ஜூலையில் செல்சிக்கு 31 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது.

இந்த ஓட்டைகளும் பரியின் கதியும் சேர்ந்து, 2025 ஜூலையில் பிரித்தானியப் பாராளுமன்றத்தை, உதைபந்தாட்டத்துக்கெனச் சுயாதீன ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஒன்றைச் சட்டத்தால் அமைக்க வைத்தன. கழகங்களுக்கு உரிமம் வழங்குவதும் உரிமையாளரின் பணமூலத்தைச் சோதிப்பதும் அதன் வேலை. இலங்கை வாசகருக்கு இங்கே ஒன்று உடனே நினைவுக்கு வரும். விளையாட்டுச் சங்கங்கள்மீது அமைச்சருக்கு விரிந்த அதிகாரம் தரும் 1973ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. வெளியார் தலையீடு என்று கூறி ஃபீஃபா 2023 ஜனவரியில் நமது சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்ட் இறுதியில்தான் தடையை நீக்கியது. ஒழுங்குபடுத்தும் அமைப்பு பற்றிய மசோதா வந்தபோது, அரசின் தலையீடு குறித்து இங்கிலாந்துக்கும் யுஈஎஃப்ஏயிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் போனது. லண்டன் அமைத்தே தீர்வது என்று நின்றது, ஆனால் உரிமையாளரைச் சோதிக்கும்போது அரசின் வெளிநாட்டுக் கொள்கையைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்றிருந்த வாசகத்தை மட்டும் மசோதாவிலிருந்து நீக்கிக்கொண்டது.