சிங்க் ஓடவில்லை என்று யார் சொல்வார்?

23 நாள். ஒரு நிறுவனத்தின் விற்பனை மென்பொருளிலிருந்து கணக்கு மென்பொருளுக்கு இரவுதோறும் போய்ச் சேர வேண்டிய தகவல் 23 நாள் போகவே இல்லை. ஒருவருக்கும் தெரியாது. மாதக் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது தொகை இடிக்கவே கூச்சல் கிளம்பியது. அதற்கு அப்புறம்தான் எனக்கு போன் வந்தது.

தோண்டிப் பார்த்தால் காரணம் சப்பையாக இருந்தது. அந்த சிங்கை, அதாவது இரண்டு மென்பொருள்களின் தகவலையும் தானாக ஒத்துப்போக வைக்கும் ஏற்பாட்டை, அமைத்தவர் தன்னுடைய சொந்த லாகினையே அதில் கொடுத்திருந்தார். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார். வழக்கம்போல அவர் கணக்கை முடக்கினார்கள். அன்று இரவே சிங்க் நின்றது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு இரவும் "தோல்வி" என்று ஒழுங்காக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. யாருக்கு? விட்டுப்போன அதே மனிதருக்கு. திறக்க ஆளில்லாத பெட்டியில் 23 கடிதங்கள்.

மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைப்பதுதான் என் தொழில். தானியங்கி சிங்க் வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு ஓட விடலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "ஓடாமல் போனால் உங்களுக்கு யார் சொல்வார்?" பெரும்பாலும் பதில் வராது. "லாக் இருக்கிறதே" என்பார்கள் சிலர். லாகை, அதாவது ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதி வைக்கும் பதிவேட்டை, தினமும் காலையில் திறந்து படிக்கிற மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சின்ன நிறுவனங்களின் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான செர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால், தினமும் தானாக எடுக்கப்பட்டிருக்க வேண்டிய பேக்கப் இருந்த இடம் காலி. டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரஸ், பதிப்பு 9.6; பேக்கப் எடுத்த கருவியோ 9.2. பதிப்பு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு தடவையும் அது பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழை வந்ததும் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) மின்னஞ்சல் அனுப்பத்தான் செய்தது. ஆனால் அந்த மின்னஞ்சலில் டிமார்க் (போலி அஞ்சலைத் தடுக்கும் சரிபார்ப்பு முறை) கேட்கும் கையொப்பம் இல்லாததால் பெறும் பக்கம் அதை ஏற்காமல் திருப்பிவிட்டது. விபத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு வேறு ஒரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. நடந்ததையெல்லாம் அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒருமுறை தேடிப் படிக்கலாம்.

ஆகவே என் முதல் விதி: தோற்றால் சொல்லும் அலாரம் போதாது. தோற்றவன் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஏற்பாடு அது. செர்வரே அணைந்து கிடந்தால் அது எங்கிருந்து சொல்லும்? இதைத் தலைகீழாக்க வேண்டும். சிங்க் வெற்றிகரமாக முடியும்போதெல்லாம் வேறொரு இடத்துக்கு "முடிந்தது" என்று ஒரு தட்டு தட்டட்டும். குறித்த நேரத்துக்குள் அந்தத் தட்டு வராவிட்டால் அந்த இடம் அலாரம் அடிக்கட்டும். நாடித்துடிப்பு பார்ப்பது போல. ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதற்கென்றே இருக்கின்றன. நீங்களே எழுதினாலும் அரை நாள் வேலைதான். அது சிங்க் ஓடும் அதே செர்வரில் மட்டும் இருக்கக்கூடாது.

அலாரம் போகும் முகவரி தனி ஆளுடையதாக இருக்க வேண்டாம், குழுவுடையதாக இருக்கட்டும். சிங்க் பயன்படுத்தும் லாகினும் அப்படியே: சிங்குக்கென்றே தனிக் கணக்கு, தேவையான அனுமதி மட்டும். டோக்கன் (லாகினுக்குப் பதிலாக மென்பொருள் காட்டும் அனுமதிச் சீட்டு) காலாவதியாகும் தேதியைக் காலண்டரில் போட்டு வையுங்கள். கூகுள் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வாசல்) உடன் இணைப்பவர்கள் பலர் இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். செயலியை "சோதனை" நிலையிலேயே விட்டுவிட்டால் அதன் ரெஃப்ரெஷ் டோக்கன் (புதிய அனுமதி வாங்கித் தரும் சீட்டு) 7 நாளில் செத்துவிடும். திங்கட்கிழமை அமைத்துக் காட்டிக் கைதட்டு வாங்கிய சிங்க் அடுத்த திங்கட்கிழமை படுத்துவிடும்.

இன்னொரு வகை மௌனம் இதைவிட மோசம். சிங்க் ஓடும், "வெற்றி" என்று பச்சை விளக்கும் காட்டும், தகவல் மட்டும் வந்திருக்காது. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் நடந்தது அதுதான். ஆய்வகங்கள் அனுப்பிய கோவிட் முடிவுகளைத் தானாக இழுத்து எக்செல் கோப்பில் நிரப்பும் ஏற்பாடு. கோப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சிய வரிகள் அப்படியே விழுந்துவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் 15,841 தொற்றாளர்களின் பதிவுகள் கணக்கில் சேராமல் போயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அவ்வளவு நாள் தள்ளிப்போனது.

"முடிந்தது" என்ற சொல்லோடு ஓர் எண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்வது இதனால்தான். மூலத்தில் எத்தனை பதிவு, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது எத்தனை. வழக்கமாக இரவுக்கு 4,000 பதிவு வரும் இடத்தில் 12 வந்தால் சிங்க் தோற்கவில்லைதான், ஆனாலும் ஒரு மனிதர் எட்டிப் பார்க்க வேண்டும். பூஜ்யம் வந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். அனுமதி குறைந்துபோன டோக்கனுக்குப் பல ஏபிஐக்கள் பிழை காட்டுவதில்லை. 200 (எல்லாம் சரி என்பதற்கான குறியீடு) என்று மரியாதையாகச் சொல்லி, காலிப் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும்.

நேரம் குறிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதற்கு வழிகாட்டிகள் ஏராளம். கிரானின் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. தேதியையும் கிழமையையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் பொருந்தும் நாளில் மட்டும் ஓடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. 0 0 13 * 5 என்று எழுதினால் 13ஆம் தேதி வெள்ளியாக வரும்போது மட்டும் ஓடாது. ஒவ்வொரு 13ஆம் தேதியும் ஓடும், ஒவ்வொரு வெள்ளியும் ஓடும். நிமிட இடத்தில் */40 போட்டால் 40 நிமிடத்துக்கு ஒருமுறை வராது. மணி அடிக்கும்போது ஒன்று, 40ஆவது நிமிடத்தில் ஒன்று, பிறகு 20 நிமிடத்திலேயே அடுத்தது.

செர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறதா உள்ளூர் நேரத்தில் இருக்கிறதா என்று எழுதி வையுங்கள். கோடையில் கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில் அதிகாலை 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே எதையும் வைக்காதீர்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று 2.30 என்ற நேரமே கிடையாது. நவம்பர் முதல் ஞாயிறன்று 1.30 இரண்டு தடவை வரும். அப்போது என்ன நடக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். சரியாக மணி அடிக்கும் நேரத்தையும் தவிர்க்கலாம். உலகமே 12.00 என்று வைத்திருக்கிறது, 12.17 வைத்தால் வரிசையில் கூட்டம் இருக்காது. மணி தொடங்கும் நேரத்தில் நெரிசலால் தாமதமாகலாம் என்று, நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப்பின் தானியங்கிச் சேவை கிட்ஹப் ஆக்ஷன்ஸ் தன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

கருவிகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுகொள்ளும் வழிகள் தனி அத்தியாயம். கிட்ஹப்பில் பொது ரெபாசிட்டரி (நிரல் கிடங்கு) ஒன்றில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் ஷெட்யூல் அணைந்துவிடும். அறிக்கை தயாரிக்கும் பவர் பிஐ நான்கு தடவை தொடர்ந்து தோற்றால் புதுப்பிப்பையே நிறுத்திவிடும்; இரண்டு மாதம் யாரும் அந்த அறிக்கைப் பக்கம் வராவிட்டாலும் நிறுத்திவைக்கும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் புதிதாக ஒரு வேலை சேர்த்தால், லேப்டாப் சார்ஜரில் இருந்தால்தான் ஓடும், பயனர் லாகின் செய்திருந்தால்தான் ஓடும் என்ற இரண்டும் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். நேரம் தவறினால் பிறகு ஓட்டு என்பது மட்டும் தேர்வாகி இருக்காது! மூன்றையும் நீங்களே போய் மாற்ற வேண்டும்.

தொங்கிப்போகும் சிங்கையும் இங்கேயே சொல்ல வேண்டும். மறுமுனை பதில் தராது, நம் பக்கம் டைம்அவுட் (காத்திருப்புக்கு வரம்பு) வைத்திருக்க மாட்டோம், அது காத்துக்கொண்டே இருக்கும். முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்கக்கூடாது என்று பூட்டு வேறு போட்டிருப்போம். போடத்தான் வேண்டும், குபர்நெட்டிஸ் என்ற செர்வர் மேலாண்மைக் கருவியின் கிரான்ஜாப் (அதன் நேரக்குறிப்பு வசதி) தானாக விட்டால் இரண்டையும் ஒன்றாக ஓட விடும். ஆனால் பூட்டு மட்டும் இருந்து டைம்அவுட் இல்லையென்றால், ஒரு ராத்திரி தொங்கிய சிங்க் அதற்குப் பிறகு வரும் எல்லா ராத்திரியையும் அடைத்துக்கொண்டு நிற்கும். எதுவும் தோற்றதாகக் கணக்கில் வராது.

இனி நான் அதிகம் சண்டை போடும் இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் முழு டேபிளையும் கொண்டுவர முடியாதபோது, "கடைசியாக ஓடியதற்குப் பிறகு மாறியதை மட்டும் எடு" என்று வைப்போம். கேட்க எளிமை. இதில் பதிவுகள் நழுவ மூன்று ஓட்டைகளாவது உண்டு.

சிங்க் 2.00 மணிக்குத் தொடங்கி 2.20க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். "கடைசியாக ஓடிய நேரம்" என்று 2.20ஐச் சேமித்தால், அந்த இருபது நிமிடத்தில் மாறியவை அடுத்த தடவை கண்ணில் படாது. தொடங்கிய நேரத்தைத்தான் சேமிக்க வேண்டும், அதுவும் மூல டேட்டாபேஸின் கடிகாரப்படி, அதுவும் இந்தப் பக்கம் எல்லாம் எழுதி முடித்த பிறகு. அடுத்த ஓட்டை நுணுக்கமானது. ஒரு பதிவு 1.59.58க்கு மாற்றப்படுகிறது, மாறிய நேரமாக அதுவே பதிவாகிறது. ஆனால் அந்தப் பரிவர்த்தனை கமிட் ஆவது, அதாவது மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி உறுதியாவது, 2.00.05க்கு. 2.00.00க்குப் படித்த சிங்க் கண்ணுக்கு அது தெரியாது. அடுத்த தடவை "2.00க்குப் பிறகு" என்று கேட்கும்போது அதன் நேரமோ 2.00க்கு முன். அந்தப் பதிவு இனி யாராவது மறுபடி தொடும் வரை வராது. நாளுக்கு ஒன்றிரண்டுதான் நழுவும் என்பதால் எண்ணிக்கை அலாரத்துக்கும் தெரியாது. மூன்றாவது, யாரோ நேரடியாக டேட்டாபேஸில் கைவைத்துத் திருத்தியவை. மாறிய நேரம் மாறாமலே மதிப்பு மாறியிருக்கும்.

முதல் ஓட்டையைச் சரியான நேரத்தைச் சேமிப்பதே அடைத்துவிடும். இரண்டாவதற்கு, கொஞ்சம் பின்னால் போய் எடுங்கள்: 2.00க்குப் பதில் 1.50லிருந்து. சில பதிவுகள் இரண்டு தடவை வரும், வரட்டும். வந்தாலும் ஒன்றாகவே உட்காரும்படி தனித்துவமான சாவியை (ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளம்) வைத்து, இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்று எழுதுங்கள். போஸ்ட்கிரஸில் 9.5 பதிப்பிலிருந்து ஒரே கட்டளையில் இது முடியும். இப்படி எழுதிவிட்டால் பாதியில் அறுந்த சிங்கை மறுபடி ஓட்டவும் பயம் இருக்காது. மூன்றாவதற்குக் குறுக்குவழி இல்லை. வாரம் ஒருமுறை இரு பக்கமும் எண்ணிக்கையையும் தொகைக் கூட்டலையும் ஒப்பிடத்தான் வேண்டும். "அது எதற்கு, தினமும்தான் சிங்க் ஆகிறதே" என்று கேட்பவர்களிடம் அந்த 23 நாளைச் சொல்வேன்.

நீக்கப்பட்ட பதிவுகள் இந்த வழியில் வரவே வராது, இல்லாததற்கு ஏது மாறிய நேரம்? அதனால் சிலர் "மூலத்தில் இல்லாததை இங்கேயும் அழித்துவிடு" என்று வைத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன காலிப் பட்டியலை இதோடு சேர்த்துப் பாருங்கள். மூலம் காலி என்று நம்பி சிங்க் இந்தப் பக்கத்தையும் துடைத்துவிட்டு, "வெற்றி" என்று தட்டும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கிலும் இதே ஆபத்து உண்டு. மூல டிஸ்க் இணையாமல் காலி ஃபோல்டராக நின்றால், மூலத்தில் இல்லாததை அழிக்கும் டெலீட் தேர்வு பேக்கப்பைக் காலி செய்துவிடும். அதிகபட்சம் இத்தனைதான் அழிக்கலாம் என்று வரம்பு கட்ட அதிலேயே வசதி இருக்கிறது. உங்கள் சிங்கிலும் ஒரு வரம்பு வையுங்கள்: நூற்றுக்கு ஐந்துக்கு மேல் அழிக்க நேர்ந்தால் நின்று ஆளைக் கேட்கட்டும்.

இருவழி சிங்க் வேண்டும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரே வாடிக்கையாளரின் போன் எண் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் மாறினால் எதை நம்புவது? ஒவ்வொரு புலத்துக்கும் (பெயர், போன் எண் போன்ற ஒவ்வொரு தகவலுக்கும்) பதில் கிடைக்கும்வரை ஒருவழியே போதும் என்பேன்.

முதலில் சொன்ன நிறுவனத்தில் எல்லாம் சரிசெய்த பிறகு, அலாரத்தைச் சோதிக்க ஒரு நாள் இரவு வேண்டுமென்றே சிங்கை அணைத்து வைத்தேன். இரண்டு பேருக்கு மட்டும் சொல்லியிருந்தேன். காலை 7 மணிக்குள் சத்தம் வர வேண்டும். 7 தாண்டியும் அலுவலகத்தில் ஒருவரும் அசையவில்லை. போய்ப் பார்த்தால் அலாரம் 6.40க்கே அடித்திருக்கிறது, குழு முகவரிக்குத்தான். அந்தக் குழுவில் இருந்தது ஒரே ஒருவர், அவரும் அந்த வாரம் விடுப்பில். அன்று மத்தியானம் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி அணைத்தேன். 6.52க்கு என் போன் அடித்தது.