‘வெதர்’ என்று சொல்லி விமானத்தை ரத்து செய்தால்

மார்கழியில் காசிக்குப் போய்த் திரும்பிய எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் டெல்லியில் மாட்டிக்கொண்டார். சென்னை விமானம் ரத்து. கவுன்டரில் இருந்த பையன் போர்டிங் பாஸின் பின்பக்கம் பேனாவால் ‘வெதர்’ என்று கிறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். எதிரே இருந்த பலகையிலோ வேறு விமானங்கள் ஒவ்வொன்றாகப் ‘புறப்பட்டது’ என்று மாறிக்கொண்டிருந்தன.

எல்லாவற்றுக்கும் அதே பனிதான், பிறகு சில விமானங்கள் மட்டும் கிளம்பியது எப்படி? ஓடுபாதையில் எத்தனை மீட்டர் தூரம் தெரிகிறது என்று கருவி வைத்து அளக்கிறார்கள். கருவிகளின் உதவியோடு இறங்குவதில் சாதாரண வகைக்கு, அதாவது கேட்-1க்கு (CAT-I, ‘கேட்டகரி’ என்பதன் சுருக்கம்), 550 மீட்டர் தெரிய வேண்டும். டெல்லியில் இருக்கும், அடர்பனியிலும் இறங்க உதவும் கேட்-3பி வசதிக்கு 50 மீட்டரே போதும். (கிளம்புவதற்கு அதைவிடக் கூடுதலாகத் தெரிய வேண்டும்.) ஆனால் ஓடுபாதைக்கு மட்டும் அந்த வசதி இருந்தால் போதாது. விமானமும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், விமானிகளும் அதற்கான பயிற்சி முடித்திருக்க வேண்டும். பனி யார் தப்பும் இல்லை. பயிற்சி இல்லாதவரைப் பனிக்காலத்தில் டெல்லிக்கு அனுப்புவது நிறுவனத்தின் தப்பு. 2023 டிசம்பர் கடைசியில் அப்படிச் செய்ததற்காக இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ தலா 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதில் ஒரு பைசா பயணிக்கு வராது, அது வேறு விஷயம்.

சரி, நமக்கு என்ன உண்டு? விமானம் ரத்தானால், காரணம் எதுவானாலும், மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம். எது வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், கவுன்டர் அல்ல. முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் நஷ்டஈடும் உண்டு. சென்னை-டெல்லி போல 2 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. ஆனால் ரத்துக்கு வானிலைதான் காரணம் என்று தெளிவாகத் தெரிந்தால் நஷ்டஈடு கிடையாது. ‘வெதர்’ என்ற சொல் கவுன்டரில் அவ்வளவு சுலபமாக வருவது இதனால்தான்.

அதனால் அங்கேயே நின்று எந்த ஊர் வானிலை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். “சிஸ்டத்தில் வராது சார்” என்பார்கள். நீங்களே அந்த இடத்தில் நின்று அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். புறப்பாட்டுப் பலகையை நேரத்தோடு படம் எடுங்கள். விமான நிலையத்தின் ‘மெட்டார்’ வானிலை அறிக்கை அரைமணிக்கு ஒருமுறை வரும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதையும் சேமித்து வையுங்கள்.

பலரும் விழுகிற குழி செல்போனில் இருக்கிறது. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பில் ‘சம்மதம்’ என்று தட்டினால் மாற்று விமானத்தை ஏற்றதாகிவிடும், அப்புறம் பணத்தைத் திரும்பக் கேட்டால் இழுத்தடிப்பார்கள். அவசரப்பட்டு நீங்களே டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள், கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். ஏஜென்ட் தன் நம்பரைக் கொடுத்து பதிவு செய்திருந்தால் தகவல் அவருக்குத்தான் போகும். தொடர்பு விவரம் சரியாகக் கொடுக்காதவருக்கு நஷ்டஈடு இல்லை என்று விதியிலேயே இருக்கிறது.

பணம் திரும்ப வாங்குவது தனிக் கூத்து. நிறுவனம் ஏஜென்டைக் கைகாட்டும், ஏஜென்ட் நிறுவனத்தைக் கைகாட்டுவார். பெரியவர் இப்படி இரண்டு மாதம் அலைந்தார். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துக்குத்தான். கிரெடிட் கார்டில் நேரடியாக வாங்கியிருந்தால் 7 நாளில் பணம் வர வேண்டும். கடைசியில் அவருக்கு டிக்கெட் பணம் வந்தது. நஷ்டஈடு கேட்கக் கையில் அந்தக் கிறுக்கலைத் தவிர ஒன்றும் இல்லை.

இது வடநாட்டுச் சங்கதி என்று இருந்துவிட வேண்டாம். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னைக்கு வந்த விமானங்களையே வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டன.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், புகார் எண்ணை வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’ புகார் தளத்தில் போடுங்கள். “தீர்க்கப்பட்டது” என்று அவர்களே மூடிவிட்டால் மறுபடி திறக்கச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காக டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது.