ரிமோட்டை யார் அணைப்பது?

டிவியை அணைக்க ரிமோட்டில் பட்டன் இருக்கிறது, ரிமோட்டை அணைக்க ஒன்றுமில்லையே, அப்படியானால் அது ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம்தான். உள்ளே இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ரிமோட்டை இயக்கும் குட்டிக் கணினிச் சிப், ஓயாமல் வேலை செய்து 2 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள், 1000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள சின்ன பென்சில் செல் 500 மணி நேரத்தில், அதாவது மூன்றே வாரத்தில் காலி. ஆனால் செல் வருஷக்கணக்கில் வருகிறது. ஏனென்றால் சிப் பெரும்பாலும் தூங்குகிறது.

இந்தச் சிப் சிமாஸ் (CMOS) என்ற வகை. இதில் டிரான்சிஸ்டர்கள் என்ற நுண்ணிய மின் சுவிட்சுகள் நிலை மாறும்போதுதான் மின்சாரம் பெருமளவு செலவாகும். சும்மா இருந்தால் கசிவு மட்டும்தான். நிலையை மாற்றச் சொல்லித் துடிப்பது கிளாக். அதை நிறுத்திவிட்டால் மின்னோட்டம் 1 மைக்ரோ ஆம்பியர், சில சிப்களில் அதற்கும் கீழே. இந்தக் கணக்குப்படி செல் நூறு வருஷம் தாண்டணும்! அதற்கு ரொம்ப முன்னாலேயே அது தானாகச் செத்துவிடும் என்பது வேறு விஷயம்.

சரி, கிளாக்கே நின்றுபோனால் பட்டனை அழுத்தியது எப்படித் தெரியும்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பட்டன்களுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பித்தடங்கள் ஓடுகின்றன. தூங்குவதற்கு முன் புரோகிராம் நெடுக்குத் தடங்கள் எல்லாவற்றையும் 0 வோல்ட்டில் வைக்கும், குறுக்குத் தடங்களை ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வழியாக செல்கள் தரும் 3 வோல்ட்டோடு சேர்த்துவிடும். யாரும் தொடாதவரை சுற்று பூர்த்தியாகாது, அதனால் ரெசிஸ்டரில் செலவே இல்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒரு குறுக்குத் தடம் சட்டென 0-வுக்கு விழும். அந்த வீழ்ச்சியைப் பிடிக்கும் சுற்றுக்குக் கிளாக் வேண்டியதில்லை, விழுந்ததே கிளாக்கை எழுப்பிவிடுகிறது. எழுந்த பிறகுதான் சிப் ஒவ்வொரு நெடுக்குத் தடமாக இறக்கிப் பார்த்து, எந்தப் பட்டன் என்று கண்டுபிடித்து, அகச்சிவப்பு எல்இடியை வினாடிக்குச் சுமார் 38,000 முறை மினுக்கிச் செய்தியை அனுப்பிவிட்டு மறுபடி படுக்கிறது.

சோபா இடுக்கில் பட்டன் அமுங்கியே கிடந்தால்? ரெசிஸ்டர் 50 கிலோ ஓம் என்றால் அதில் மட்டும் 60 மைக்ரோ ஆம்பியர் ஓடும். தூக்கத்தில் ஆகும் மொத்தச் செலவைப்போல் அறுபது மடங்கு!

நம் கல்லூரி லேப்களில் பட்டனை அழுத்தியாச்சா, அழுத்தியாச்சா என்று லூப்பில் கேட்டுக்கொண்டே இருக்கும் புரோகிராமைத்தான் முதலில் எழுத வைக்கிறார்கள். பல இடங்களில் அதோடு முடிந்தும் விடுகிறது. பட்டனே சிப்பை எழுப்பும் இந்த வழிக்கு இன்டரப்ட் என்று பெயர், அது தேர்வுக்கான தியரியாகவே நின்றுவிடுகிறது. தூங்கும் சிப் எவ்வளவு எடுக்கிறது என்று மீட்டர் வைத்து அளக்கச் சொன்னால்தானே, எங்கும் இணைக்காமல் விட்ட ஒரு இன்புட் பின் (சிக்னலை உள்ளே வாங்கும் சிப்பின் கால்) செய்யும் கூத்து கண்ணில் படும்? அது 0-வும் இல்லாமல் 3-ம் இல்லாமல் நடுவில் மிதக்கும். உள்ளே 3 வோல்ட் பக்கத்து மேல் டிரான்சிஸ்டரும் கிரவுண்ட் எனும் 0 வோல்ட் பக்கத்துக் கீழ் டிரான்சிஸ்டரும் இரண்டுமே பாதி திறந்து, செல்லிலிருந்து கிரவுண்டுக்கு நேராக வழி விட்டுவிடும். பயன்படாத பின்னை அவுட்புட்டாக்கி 0-வில் வைத்துவிட்டால் தீர்ந்தது, புரோகிராமில் ஒரே ஒரு வரி.