கடலை ஒட்டி நல்ல தண்ணி எப்படி ஊறுகிறது? அடுப்படியில் செய்து பார்க்கலாம்

தனுஷ்கோடிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெறும் மணல், அந்த மணலைச் சில அடி தோண்டி ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஊத்து என்போம். வாயில் வைத்தால் கரிக்காது. கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு இது எப்படி என்று என் மகள் கேட்டபோது, ஒரு முட்டையை எடுத்து வரச் சொன்னேன்.

பெரிய கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் புது முட்டையைப் போட்டால் அடியில் போய் உட்காரும். (பழைய முட்டை தானாகவே மிதக்கும், அதை வைத்துச் செய்யாதீர்கள்.) கல்லுப்பைப் போட்டுப் போட்டுக் கலக்குங்கள். கரைய நேரமாகும், பொறுமையாக இருங்கள். லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டும்போது முட்டையின் அகன்ற முனை மெல்ல நிமிரும், ஏனென்றால் காற்றறை அங்கேதான் இருக்கிறது. அப்புறம் முட்டையே எழும்பிவிடும். உப்பு கரையக் கரையத் தண்ணீர் கனமாகிறது, முட்டையின் அளவுக்குத் தண்ணீரை எடுத்தால் அது முட்டையை விடக் கனம் என்ற நிலை வந்ததும் முட்டை மேலே வந்துவிடுகிறது.

அப்படியென்றால் கடல் தண்ணியில் மிதக்குமா? பாம்பனில் ஒரு பாட்டில் பிடித்து வந்து பாருங்கள், முங்கிவிடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான், எடை 1,025 கிராம். முட்டைக்கு அது போதாது. வாலிநோக்கம் உப்பளத்தில் வெயில் காய்ச்சி, கடல் நீர் சுமார் பத்தில் ஒரு பங்காக வற்றி உப்பு படியத் தொடங்கும் பாத்தியில் லிட்டர் 1,200 கிராம் வரும். அதில் முட்டை தலையை வெளியே நீட்டிக்கொண்டு மிதக்கும்.

சரி, ஊத்துக்கு வருவோம். வேறொரு தம்ளரில் பாதிக்கு உப்புத்தண்ணி ஊற்றுங்கள். நல்ல தண்ணியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்து, கரண்டியின் முதுகு வழியாகச் சொட்டுச் சொட்டாக மேலே விடுங்கள். அவசரப்பட்டால் கலந்துவிடும். நிதானமாக விட்டால் ஆரஞ்சுத் தண்ணி மேலே, தெளிந்த தண்ணி கீழே, நடுவில் மங்கலாக ஒரு கோடு. பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு.

மணலுக்கடியிலும் இதேதான். ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அலை அடித்துக் கலக்கிவிடாமல் மணல் காக்கிறது. நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை இறங்கியிருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் குறைந்தாலும் கீழிருந்து உப்புத்தண்ணி அதைப்போலப் பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் சிரட்டையால் கோரும் வரை ஊத்து இனிக்கிறது, மோட்டார் வைத்து இழுத்தால் கிணறே உவர்த்துப்போகிறது.

இதையும் பிள்ளைகளே பார்க்கட்டும். ஒரு உறிஞ்சு குழலைக் கோட்டுக்கு நன்றாக மேலே வைத்து மெதுவாக உறிஞ்சச் சொல்லுங்கள், நல்ல தண்ணி வரும். அப்புறம் கோட்டை ஒட்டி இறக்கி, ஒரே இழுப்பாக இழுக்கச் சொல்லுங்கள். கோடு குழலின் வாயருகே குமிழ் போல எழும்புவதைக் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாக்கில் உப்பு ஏறும்.