எத்தனை கடைகள் என்று மட்டும் கேட்காதீர்கள்

கடைத்தொடர் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்து, அவற்றுக்குச் சரக்கு அனுப்புவோருக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அமெரிக்காவின் விளையாட்டுப் பொருள் கடைகளோடு ஒப்பந்தம் போட விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அவர்களுக்கு மொத்தம் எத்தனை கடைகள்?" என்பதுதான். அந்த ஓர் எண்ணை நம்பிக் கடனுக்குச் சரக்கு கொடுத்து, பிறகு தூக்கம் இழந்தவர்களைப் பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

2024இல் பிரிட்டனின் ஜேடி ஸ்போர்ட்ஸ் வாங்கிய ஹிபெட் நிறுவனத்துக்கு அப்போது ஆயிரத்துக்கும் அதிகமான கடைகள் இருந்தன; டெக்சாஸின் அகாடமிக்கோ ஏறத்தாழ 300தான். ஆனால் அகாடமியின் ஆண்டு விற்பனை ஹிபெட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். சிற்றூர்களில் ஏறக்குறைய 6,000 சதுர அடியில் கடை போட்டு, பெரும்பாலும் பெயர்பெற்ற நிறுவனங்களின் காலணிகளை நம்பி நடப்பது ஹிபெட்டின் வழி. அகாடமியின் கடை ஒவ்வொன்றும் சுமார் 70,000 சதுர அடி. அங்கே தூண்டில், வேட்டைத் துப்பாக்கி, கூடாரம், அடுப்பு வரை குறைந்த விலையில் அடுக்கியிருப்பார்கள். மீன்பிடிக் கருவி செய்கிறவருக்கு முதல் நிறுவனத்தின் ஆயிரம் கடைகளாலும் பயனில்லை.

1948இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் தூண்டில் கடையாகத் தொடங்கிய டிக்ஸ், 2021 முதல் 'ஹவுஸ் ஆஃப் ஸ்போர்ட்' என்ற பெயரில் ஏறுசுவரும் பந்தடிக் கூண்டும் கொண்ட மிகப் பெரிய கடைகளைத் திறந்துவருகிறது. வாங்க வருகிறவர் மட்டையைக் கையில் பிடித்து அடித்துப் பார்த்த பிறகே விலை கேட்கட்டும் என்பது அதன் கணக்கு. 1976இல் பிரான்சில் பிறந்த டெகாத்லான் இவற்றிலிருந்து அடியோடு வேறுபட்டது. அது விற்பதில் பெரும்பகுதி கெச்சுவா போன்ற அதன் சொந்தப் பெயர்களில் அதுவே வடிவமைத்தவை என்பதால், வெளியார் அதற்கு உற்பத்தி செய்து கொடுக்கலாமே ஒழிய, தம் பெயரோடு அலமாரியில் இடம் பிடிப்பது கடினம்.

என் மனத்தில் அதிகம் நிற்பது ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி என்ற அமெரிக்கக் கடைத்தொடரின் கதைதான். 450க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தும், 2006இல் கடன் வாங்கிய பணத்தால் அது கைமாறியபோது அந்தச் சுமை நிறுவனத்தின் தலையிலேயே விழுந்தது. ஒரு பில்லியன் டாலருக்கு மேற்பட்ட கடனோடு 2016 மார்ச்சில் திவால் மனு கொடுத்து, அதே ஆண்டில் எல்லாக் கடைகளையும் மூடியது. விற்ற பின் பணம் என்ற கன்சைன்மென்ட் முறையில் சரக்கு அனுப்பியிருந்த பலர் மீது அந்த நிறுவனமே வழக்குத் தொடர்ந்தது. சரக்கு தங்களுடையது என்று அவர்கள் உரிய அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்யவில்லை, ஆகவே கடன் கொடுத்தவர்களுக்கே முன்னுரிமை என்பது அதன் வாதம்.

நீச்சல் கண்ணாடி செய்யும் ஒருவர் சென்ற முறை தம் கோப்பை என் மேசையில் விரித்து வைத்தார். வேறொரு கடைத்தொடருக்கு அனுப்பிய சரக்கின் இன்வாய்ஸ்கள், லாரி ரசீதுகள், கையெழுத்தான ஒப்பந்தம் என எல்லாம் தேதிவாரியாக இருந்தன. அந்தப் பதிவுத் தாள் மட்டும் இல்லை. ஒப்பந்தத்தில் 'உரிமை எனக்கே' என்று எழுதியிருப்பதே போதும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். ஒப்பந்தம் இரண்டு பேரைத்தான் கட்டுப்படுத்தும். கடைக்குக் கடன் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கும் மூன்றாமவரை அது கட்டுப்படுத்தாது.

ஆகவே ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் விற்பனையைவிட இருப்புச் சரக்கு வேகமாக வளர்கிறதா என்று பாருங்கள். பின்னிணைப்புக் குறிப்புகளில் எந்தக் கடன் எந்த ஆண்டில் முதிர்கிறது என்று தேடுங்கள். கன்சைன்மென்ட் என்றால், முதல் பெட்டி லாரியில் ஏறும் முன்பே அமெரிக்காவில் உரிய மாநில அலுவலகத்தில் பதிவு செய்து, அந்தச் சரக்கிருப்பின் மீது ஏற்கெனவே கடன் உரிமை பதிந்திருப்பவர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பதிவு பொதுவாக 5 ஆண்டுகளே செல்லும். காலாவதியாவதற்கு முந்தைய 6 மாதங்களுக்குள் அதை நீட்டிக்க வேண்டும்.